வராத பிள்ளைகளின் மருந்து

காந்திமதி டீச்சரின் பால்வாடியில் பிள்ளைகள் ஐம்பது பேர். அதில் கண்ணுக்குத் தெரிந்தவர்கள் இருபத்திரண்டு. மிச்சம் இருபத்தெட்டுப் பேரும் பதிவேட்டில் வசித்தார்கள். அவர்களைப் போன்ற சமர்த்துப் பிள்ளைகளைத் தாம்பரம் வட்டாரத்தில் பார்க்க முடியாது. அழ மாட்டார்கள். ஜட்டியை நனைக்க மாட்டார்கள். பக்கத்துப் பிள்ளையின் காதைக் கடிக்க மாட்டார்கள். அடைமழையிலும் ஆடித் திருவிழாவிலும் தவறாமல் வருகை தந்தார்கள். எடை நாளன்று மாதத்துக்கு நூறு கிராம் வீதம் ஒழுங்காக ஏறினார்கள். அரசாங்கத்துக்கு அவர்களால் ஒரு தொல்லையும் கிடையாது. தொல்லையெல்லாம் டீச்சரின் எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது என்பது ஆறு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

1981இல் அவள் இரும்புலியூரில் வேலைக்குச் சேர்ந்தபோது ஐம்பது பேரும் ரத்தமும் சளியுமாக நிஜமாகவே இருந்தார்கள். பிறகு வயல்கள் மனைகளாயின, மனைகள் நகர்களாயின. நகர் என்று ஒன்று வந்துவிட்டால், கார் இல்லாத யாரோ ஒருவருடைய கார் ஷெட்டில் இங்கிலீஷ் நர்சரி ஒன்று முளைக்காமல் போகாது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழுத்தில் டை கட்டிக்கொண்டு அங்கே போனார்கள். போகிற போக்கில் அம்மாக்கள் பால்வாடி வாசலில் நின்று, “பேரை மட்டும் அடிச்சிடாதீங்க டீச்சர். பீஸ் கட்ட முடியலன்னா திரும்பி இங்கதான் வரணும்” என்றார்கள். காந்திமதி அடிக்கவில்லை. முதலில் இரக்கம்தான் காரணம். பிறகு பயம்.

பயத்துக்கு ஒரு சுற்றறிக்கை இருந்தது. நாற்பதுக்குக் கீழே போகும் மையத்தை அருகிலுள்ள மையத்தோடு சேர்த்துவிடுவார்களாம். அருகிலுள்ள மையம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம். மூன்று வயதுப் பிள்ளைகள் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து கடந்துபோய்ச் சோறு சாப்பிட வேண்டும். இருபத்திரண்டு பேரை ரோட்டில் விடுவதைவிட இருபத்தெட்டுப் பேரைக் காகிதத்தில் வைத்துக்கொள்வது பாவம் குறைச்சல் என்று அவள் நினைத்தாள். கணக்குத் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் எனக்குப் படுகிறது.

இல்லாத பிள்ளைகளுக்கு வந்த சோறு ஒரு பிரச்னையே இல்லை. இருக்கிற பிள்ளைகளுக்குத் தம்பி தங்கைகள் இருந்தார்கள். அதற்கும் மிஞ்சினால் ஆயா கன்னியம்மாவின் கோழிகள் இருந்தன. மருந்துதான் சங்கடம்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் ஏ வரும். எல்லாரும் அதைக் கண் மருந்து என்பார்கள். மஞ்சளாக, எண்ணெயாக, ஆரஞ்சு வாசனைக்குக் கீழே மீன் வாசனை பதுங்கியிருக்கும். ஒரு பாட்டில் ஐம்பது ஸ்பூன். தலைக்கு ஒன்று, சரியாக ஐம்பது பேருக்கு. இருபத்திரண்டு வாய்களில் ஊற்றிய பிறகு பாட்டிலில் பாதிக்கு மேல் நிற்கும். 1987இல் அப்படி நின்றதை அலமாரியில் பார்த்துவிட்ட பழைய சூப்பர்வைசர், “குழந்தைகளுக்கு மருந்து கொடுக்காமல் பதுக்கியது ஏன்?” என்று மெமோ கொடுத்துவிட்டுப் போனார்.

“இதுக்கா மூஞ்ச தொங்கப்போட்டுகினு கீற? சாக்கடையில கவுத்துட்டு வந்துட்றேன், குடு டீச்சர்” என்றாள் கன்னியம்மா.

காந்திமதி கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷம் கங்கையம்மாள் என்று ஒரு பெண் குழந்தை பால்வாடிக்கு வந்துகொண்டிருந்தது. அம்மை போட்டு இறங்கியதும் அதன் கண்ணில் பால் ஊற்றினாற்போல ஒரு படலம் விழுந்தது. பத்து நாளில் அந்தக் கண் இல்லை. முன்கூட்டியே இரண்டு ஸ்பூன் இந்த மருந்து உள்ளே போயிருந்தால் கண் பிழைத்திருக்கும் என்று நர்சம்மா சொன்னதை அவள் மறக்கவில்லை. அப்படிப்பட்ட மருந்தைச் சாக்கடையில் ஊற்ற அவளுக்குக் கை வராது.

இருக்கிற பிள்ளைகளுக்கே இரண்டாவது ரவுண்டு கொடுக்கலாமா என்றால், கூடக் கொடுத்தால் வாந்தி வரும், தலைவலி வரும் என்று அதே நர்சம்மா எச்சரித்திருந்தார். குழந்தைக்கு ஆகாது, சரி. பெரியவர்களுக்கு? அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய உடம்பு தாங்கும் என்று காந்திமதியே முடிவு கட்டினாள். சாயங்காலத்தில் பதிவேடு எழுதி எழுதிக் கண்ணும் கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. பாட்டிலைச் சேலை மடிப்பில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். செவ்வாய்க்கிழமைதோறும் குளித்துவிட்டு வந்து ஒரு ஸ்பூன். இருபத்தெட்டு ஸ்பூன் தீரும் நேரத்துக்கு அடுத்த பாட்டில் வந்துவிடும். அரசாங்கத் திட்டம் எதுவும் இவ்வளவு கச்சிதமாக நடந்து நான் பார்த்ததில்லை.

முதல் வருஷம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வருஷம் உதடு வெடித்தது. வெண்ணெய் தடவினாள். மூன்றாம் வருஷம் சீப்பில் முடி கொத்தாக வந்தது. தண்ணீர் உப்பு என்றாள். இரும்புலியூரில் எந்தக் குறைக்கும் தண்ணீரைச் சொன்னால் ஒப்புக்கொள்வார்கள். நான்காம் வருஷம் முழங்காலுக்குக் கீழே எலும்பு, தொட்டாலே வலித்தது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவர் வேண்டியிருந்தது. எழுந்தால் மறுபடி உட்கார வேண்டும் என்று தோன்றியது. காலையில் ஒன்பது மணிக்கே அவளுக்குச் சாயங்காலம் ஆகிவிடும்.

வலி என்று வாயைத் திறந்தால் போதும், தாம்பரத்தில் ஆளுக்கு ஒரு மருந்து சொல்வார்கள். மருந்துக் கடைக்காரர் எல்லா வைட்டமினும் அடங்கிய சிவப்பு மாத்திரையைக் கொடுத்தார். பக்கத்து வீட்டில் மீன் எண்ணெய் மாத்திரை என்றார்கள். கன்னியம்மாவுக்கு இவற்றிலெல்லாம் நம்பிக்கை இல்லை.

“ஈரல் துன்னு டீச்சர். வாரத்துல ரெண்டு நாளு ஆட்டு ஈரல மெளகு போட்டு வறுத்துத் துன்னு. எலும்பு இரும்பாட்டம் ஆவும்.”

“சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கேன் கன்னியம்மா.”

“அப்பறம் ஏன் கெய்வி கணக்கா நடக்கிற? என்னவிட பத்து வயசு சின்னவ நீ.”

மாத்திரை, எண்ணெய், ஈரல் என்று சொன்னவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஆளுக்கு ஒரு கூடை கொள்ளியை அக்கறையோடு அதே அடுப்பில் போட்டார்கள்.

1991இல் எடை நாளன்று பதினொரு கிலோ உள்ள ஒரு பையனைத் தூக்கித் தராசில் உட்காரவைத்தபோது வலது மணிக்கட்டில் சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. பையன் சிரித்தான். மாவுக்கட்டோடு ஒன்றரை மாதம் இடது கையால் வருகைப் பதிவு எழுதினாள். ஐம்பது பேருக்கும் எழுதினாள். வராதவர்களுக்கு எழுதுகையில்தான் கை அதிகம் வலித்தது என்று பிற்பாடு கணவன் கேசவனிடம் சொல்லியிருக்கிறாள். கேசவன் ரயில்வேயில் ஃபிட்டர். எந்த இயந்திரம் எங்கே தேய்கிறது என்று காதால் கேட்டே சொல்லக்கூடிய மனிதர். மனைவி விஷயத்தில் அந்தக் காது வேலை செய்யவில்லை.

“உனக்கு ஓய்வு பத்தல. பால்வாடிய விட்டுடு” என்றார்.

“விட்டா பிள்ளைங்க ரோட்டக் கடக்கணும்.”

“உன் பிள்ளைங்களா அதுங்க?”

அப்போது அவளுக்குப் பதிலுக்குப் பஞ்சமில்லை, மூச்சுக்குத்தான் பஞ்சம்.

1993 தை மாதம் தும்மினாள். விலா எலும்பு ஒன்று போனது. தும்மலுக்கு விலா உடைகிற பெண்மணியை வேடிக்கை பார்க்கத் தெருவே வந்தது. கேசவன் அவளை ஆட்டோவில் ஏற்றி, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருந்த டாக்டர் லாசரஸிடம் கொண்டுபோனார். எலும்பு டாக்டர் லாசரஸ் அதிகம் பேச மாட்டார் என்று பேர். அதனாலேயே கூட்டம்.

படம் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “நாப்பத்தி மூணு வயசுதானே? படம் எழுபதுன்னு சொல்லுது. வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களாம்மா?”

“இல்ல சார்.”

அது முழுப் பொய் இல்லை. செவ்வாய்க்கிழமை ஸ்பூனை அவள் தன்னுடைய மருந்தாக ஒரு நாளும் நினைத்ததில்லை. அது வராத பிள்ளைகளுடையது. அவர்களுக்காக இவள் குடித்தாள், அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் ஸ்பூனுக்குப் பின்னால் இருபத்தெட்டுப் பேர் வரிசையாக வெளியே வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் மெமோ வரும், அதற்குப் பின்னால் ஜி.எஸ்.டி. ரோடு வரும்.

டாக்டர் சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் வலி கூடியது. குமட்டலும் சேர்ந்துகொண்டது. மறுபடி போனாள். ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் முறை கேசவனோடு போனபோது டாக்டர் ஒரு கையில் படத்தையும் மறு கையில் ரத்தச் சீட்டையும் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே ரோட்டை அகலப்படுத்த ஓரத்துக் கடைகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலைச் சாத்தியும் தூசி மேஜைவரை வந்தது.

“ரத்தத்துல சுண்ணாம்பு அளவுக்கு மேல இருக்கு. எலும்புல இல்ல. வீட்டுல இருக்கவேண்டிய செங்கல் அத்தனையும் தெருவுல கெடக்கு. யாரோ உள்ள இருந்து இடிக்கறாங்க. யாருன்னு நீங்கதாம்மா சொல்லணும். நாட்டு மருந்தா? எண்ணெயா? என்ன சாப்பிடறீங்க?”

பொய் சொல்வதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். முதுகை நிமிர்த்த வேண்டும், கண்ணைப் பார்க்க வேண்டும், சொன்னதை மறக்காமல் வைத்திருக்க வேண்டும். அன்று காந்திமதியிடம் அது தீர்ந்துபோயிருந்தது.

“கண் மருந்து சார். வாரத்துக்கு ஒரு ஸ்பூன். பால்வாடிக்கு வருமே, அது.”

“எத்தனை நாளா?”

“ஆறு வருஷமா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அது ஒரு குழந்தைக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை குடுக்கறதும்மா.”

“தெரியும் சார். இருபத்தெட்டுக் குழந்தைங்களோட பங்கு அது.”

“அப்ப அந்தக் குழந்தைங்களுக்கு என்ன குடுத்தீங்க?”

“அவங்க இல்ல சார்.”

“ஐயோ. எல்லாருமா?”

“இல்ல சார், அவங்க இல்லவே இல்ல.”

பிறகு அவள் முழுவதையும் சொன்னாள். கார் ஷெட் நர்சரி, மெமோ, கங்கையம்மாளின் கண், அரிசி டின். சொல்லி முடித்ததும் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூங்கிவிடுவாள்போல் இருந்தது. கேசவன் மட்டும், “ரேஷன் பாமாயிலக்கூட நீ இவ்வளவு சிக்கனமா வச்சிருந்ததில்லையே” என்றார். அவருக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் வரும்.

அதிகம் பேசாத டாக்டர் அன்று நிறையப் பேசினார்.

“எலும்புங்கறது கட்டி முடிச்ச வீடு இல்லம்மா. தினமும் ஒரு கோஷ்டி பழச இடிக்கும், இன்னொரு கோஷ்டி பின்னாலயே வந்து புதுசாக் கட்டும். ரெண்டும் சமமா நடந்தா எலும்பு உறுதியா இருக்கும். இந்த ரெண்டு கோஷ்டிக்கும் உத்தரவு போகுது பாருங்க, அந்த உத்தரவுச் சீட்டுல வைட்டமின் ஏ-வும் ஒண்ணு. உடம்புல அது வேற ஒண்ணா மாறி, செல்லுக்குள்ள போயி, இதச் செய், அதச் செய்யாதேன்னு சொல்லும். கண்ணுக்கும் தோலுக்கும் குழந்தை வளர்றதுக்கும் அந்தச் சீட்டு கண்டிப்பா வேணும். கொஞ்சமா வேணும். கட்டுக்கட்டாப் போனா இடிக்கற கோஷ்டிக்கு ஓய்வே இல்ல. கட்டறவன் பின்தங்கிடறான். சுண்ணாம்பச் சேர்க்கற வைட்டமின் டி-யோட வேலையையும் இது கெடுக்குது. இன்னும் என்னென்ன பண்ணுதுன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டே இருக்காங்க. நான் வேற சுண்ணாம்பு மாத்திரை குடுத்து ரத்தத்துல ஏத்திவிட்டேன்.”

“மிஞ்சினது ஒண்ணுக்குல போயிடாதா சார்?” என்றார் கேசவன்.

“சில வைட்டமின் போகும். இது போகாது. ஈரல்ல போய் உட்கார்ந்துக்கும். ஆட்டு ஈரல்லயும் அதேதான் இருக்கு. மீன் எண்ணெயிலயும் அதேதான். எல்லாத்தையும் இன்னிக்கே நிறுத்துங்க. நிறுத்தினாலும் உள்ள இருக்கறது தீர மாசக்கணக்காகும். அதுவரைக்கும் உத்தரவு போய்க்கிட்டேதான் இருக்கும்.”

குடிப்பதை நிறுத்துவது சுலபம். ஆனால் பங்குனியில் அடுத்த பாட்டில் வரும். வந்தால் மறுபடி இருபத்தெட்டு ஸ்பூன் நிற்கும். அதைக் குடிக்கவும் முடியாது, கொட்டவும் முடியாது, காட்டவும் முடியாது. வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது. விலாவைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரே ஒரு விஷயத்தை யோசித்தாள். இருபத்தெட்டுப் பேரை இனிமேல் தூக்கிச் சுமக்கத் தன்னிடம் எலும்பு இல்லை. இருக்கிற இருபத்திரண்டுக்கே போதுமா என்பது சந்தேகம்.

மறுநாள் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒவ்வொரு பெயராக அடித்தாள். நர்சரிக்குப் போனவர்கள், பம்மலுக்குக் குடி போனவர்கள், ஐந்து வயது தாண்டி மூன்றாம் வகுப்பு படிப்பவர்கள். ஒருவன் கல்யாணத்துக்குத்தான் பாக்கி. அடித்து முடிக்க முக்கால் மணி நேரமானது.

பங்குனியில் சூப்பர்வைசர் புஷ்பம் வந்தார். ஒன்பது மையங்களுக்குப் பொறுப்பாளர். கைப்பை நிறைய பாட்டில்கள். பதிவேட்டைப் புரட்டியவர், சிவப்பைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னா காந்திமதி இது? இருபத்திரண்டா? இத அனுப்பினா மேல இருந்து என்னத்தான் கேப்பாங்க. இத்தனை நாள் நீ என்ன பாத்தேன்னு. பழையபடி ஐம்பதுன்னு போடு. பாட்டில நான் குடுத்ததா இருக்கட்டும். மிஞ்சினா என்கிட்ட குடுத்துடு, எல்லா மையத்துலயும் அப்படித்தான் பண்றேன்.”

“நீங்க என்ன பண்றீங்க மேடம் அத?”

“எதையாவது பண்றேன். திருப்பி அனுப்ப ஃபாரமே கிடையாது. கேக்கறதுக்குத்தான் ஃபாரம்.”

காந்திமதி மணிக்கட்டைக் காட்டினாள். விலாவைத் தொட்டுக் காட்டினாள். செவ்வாய்க்கிழமை ஸ்பூனைச் சொன்னாள். டாக்டர் சொன்ன இடிக்கிற கோஷ்டியைச் சொன்னாள். புஷ்பம் கேட்டுக்கொண்டே, பிள்ளைகள் உட்காருகிற குட்டி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். அதில் பெரியவர்கள் உட்காரக் கூடாது என்று அவரே சுற்றறிக்கை கொடுத்திருந்தார்.

“முட்டி வலிக்குமா மொதல்ல?” என்று கேட்டார்.

கன்னியம்மா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு வெளியே போனாள். சிரித்தாளா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. காந்திமதி டாக்டர் லாசரஸின் விலாசத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். புஷ்பம் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, இருபத்திரண்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது. சம்பளம் ஏழு வாரம் தாமதமாகும், மூடுகிற உத்தரவு மட்டும் சொன்ன தேதிக்கு வரும். மையம் ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மையத்தோடு சேர்க்கப்பட்டது. அங்கே டீச்சர் இடமும் ஆயா இடமும் காலியாக இருந்ததால் காந்திமதிக்கும் கன்னியம்மாவுக்கும் வேலை தப்பியது. மெமோவும் வந்தது. ‘ஐம்பது எப்போது இருபத்திரண்டு ஆனது’ என்று கேட்டிருந்தார்கள். ‘ஆறு வருடத்துக்கு முன்பே’ என்று பதில் எழுதினாள். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேலே கேட்டால் ஆறு வருடமும் கையெழுத்துப் போட்டவர்களையெல்லாம் கேட்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் காலை எட்டரை மணிக்கு இரும்புலியூர்ப் பிள்ளைகள் ரோட்டோரம் நின்றார்கள். முன்னால் கைத்தடியோடு காந்திமதி. பின்னால் கன்னியம்மா.

“டேய் கஸ்மாலம், புள்ளைங்க கீது கண்ணு தெர்ல?” என்று அவள் ஒரு லாரியை நிறுத்தினாள். லாரி நின்றது. கன்னியம்மா திட்டினால் ரயிலே நிற்கும்.

கடந்து போய் எண்ணிப் பார்த்தால் பதினொரு பேர்தான். மிச்சப் பதினொரு பேரின் அம்மாக்கள் ரோட்டுக்குப் பயந்து அனுப்பவில்லை.

புதிய மையத்தில் இரும்புலியூர்ப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு புதிய பதிவேடு. காந்திமதி பேனாவைத் திறந்தாள். கன்னியம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“இருவத்திரெண்டுன்னே போடு டீச்சர். ஒரு நாளு தானே? நாளைக்கு வந்துரும்ங்க.”

காந்திமதி பேனாவைப் பதிவேட்டில் ஊன்றினாள். கோணலாகக் கூடிய மணிக்கட்டு வலித்தது. பதினொன்று என்று எழுதினாள். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்தாள். எழுந்திருக்க வழக்கம்போல் இரண்டு தவணை ஆனது.

“எங்க போற?”

“வராதவங்க வீட்டுக்கு.”

“இந்தக் காலோடயா? ரோட்ட மறுபடி தாண்டணுமே.”

“பதினோரு வீடுதானே. மெதுவாப் போறேன். நீ சோத்த எறக்கிடு.”

அன்று நான்கு வீடுகள்தான் முடிந்தன; நான்கிலும் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். ஐந்தாவது வீட்டு வாசலில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. அந்த வீட்டுப் பெண் தண்ணீர் கொடுத்து, அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு, தானே ரோட்டைக் கடந்து மையத்தில் இருவரையும் கொண்டுவந்து விட்டாள். காந்திமதி பதிவேட்டை எடுத்து, பதினொன்றை அடித்துவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினாள்.